ஆன்லைன் டியூஷன் ஆசிரியைக்கு: பிள்ளைகளின் விவரத்தில் எதை வைப்பது, எதை அழிப்பது

வாசகி கேள்வி:

"கரூர் பக்கம் ஒரு ஊரில், வீட்டிலிருந்தபடியே 7-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஜூமில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். இரண்டு பேட்ச், பேட்ச்சுக்கு 16 பேர். சேரும்போது கூகுள் ஃபார்ம் ஒன்று நிரப்பச் சொல்வேன். மார்க், வருகை, கேமரா போட்டார்களா, வீட்டுப்பாடம், அப்பாவின் வேலை, ஆதார் எண் என்று என் ஷீட்டில் 27 நெடுவரிசை இருக்கிறது. இவ்வளவு இருந்தும் எந்தப் பிள்ளை எதில் தடுமாறுகிறது என்று பட்டென்று சொல்ல முடியவில்லை. சில பெற்றோர், 'மார்க் லிஸ்ட்டை குரூப்பில் போடுங்க மிஸ், அப்பத்தான் ரோஷம் வரும்' என்கிறார்கள். ஒரு செயலிக்காரர், மாணவர் பட்டியலை ஏற்றினால் ஓராண்டு இலவசம் என்கிறார். எது சரி? புதுச் சட்டம் வேறு வந்திருக்கிறதாம், பயமாக இருக்கிறது."

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு, வணக்கம்.

27 நெடுவரிசை இருந்தும் ஒன்றும் தெரியவில்லை என்கிறீர்கள். 27 இருப்பதால்தான் தெரியவில்லை. ஒவ்வொரு நெடுவரிசையின் தலைப்பிலும் விரலை வைத்து ஒரே கேள்வி கேளுங்கள்: "இதில் உள்ளது மாறினால், என் அடுத்த வகுப்பில் நான் எதை மாற்றுவேன்?" அப்பாவின் வேலை தெரிந்தால் கழித்தலை வேறு மாதிரி சொல்லித் தருவீர்களா? மாட்டீர்கள். ஆதார் எண்ணை வைத்து டியூஷன் ஆசிரியர் செய்ய வேண்டிய காரியம் ஒன்றுகூட இல்லை. பதில் வராத நெடுவரிசை எல்லாம் போகட்டும். சட்டம் கேட்பதும் நல்ல கற்பித்தல் கேட்பதும் இங்கே ஒன்றுதான் என்பதால், முதலில் கற்பித்தலைப் பார்ப்போம்.

மிஞ்ச வேண்டியவை ஏழு: மாணவர் குறியீடு, தேதி, திறன், மதிப்பெண், தவறின் வகை, இணைப்பு எப்படி இருந்தது, நான் என்ன செய்தேன். மூன்றாவதைக் கவனியுங்கள், "பாடம்" என்று போடவில்லை. "முழுக்கள்: 62%" என்று எழுதிவைத்தால் அடுத்த வகுப்புக்கு ஒரு வழியும் கிடைக்காது. முழுக்களைக் கூட்டுவது, எதிர்ம எண்ணைக் கழிப்பது, குறிகளோடு பெருக்குவது, எண்கோட்டில் குறிப்பது ஆகிய நான்கும் தனித்தனித் திறன்கள். ஒரு பிள்ளைக்கு மூன்று நன்றாக வந்து ஒன்று மட்டும் வராமல் இருக்கும். அந்த ஒன்று 62-க்குள் ஒளிந்துகொள்ளும்.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். −7 − (−3) = ? விடைத் தேர்வுகள் −10, −4, 4, 10. உங்கள் 32 பேரில் 13 பேர் −4 என்று சரியாகப் போட்டார்கள், 15 பேர் −10, மூன்று பேர் 4, ஒருவர் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள். "19 பேர் தவறு" என்று எழுதினால் எல்லோருக்கும் முதலிலிருந்து பாடம் எடுக்கத்தான் தோன்றும். தவறான விடைகளைப் பிரித்தால் வேறு கதை தெரிகிறது. −10 போட்ட 15 பேரும் ஒரே தவறைச் செய்திருக்கிறார்கள்: அடைப்புக்குள் இருந்த கழித்தல் குறியைக் கண்டுகொள்ளாமல் −7 − 3 என்று போட்டிருக்கிறார்கள். 10 போட்ட பிள்ளை "மைனஸும் மைனஸும் சேர்ந்தால் பிளஸ்" என்ற வாய்ப்பாட்டைப் பெருக்கலிலிருந்து எடுத்துவந்து எல்லாக் குறிக்கும் பூசிவிட்டது. 4 போட்ட மூவரும் கணக்கைச் சரியாகப் போட்டு, கடைசியில் குறியை விட்டவர்களாக இருக்கலாம். மூன்று தவறுக்கும் மருந்து வேறு வேறு. 15 பேருக்கும் கடன் கணக்கு போதும்: "7 ரூபாய் கடன் இருக்கிறது, அதில் 3 ரூபாய்க் கடனைத் தள்ளுபடி செய்தாயிற்று, மீதி எவ்வளவு கடன்?" பத்து நிமிட வேலை. 4 போட்டவர்களிடம் விடையை எண்கோட்டில் குறிக்கச் சொன்னால் தாங்களே திருத்திக்கொள்வார்கள். இரண்டு நாள் கழித்து −5 − (−8), 4 − (−6) என்று இரண்டே கேள்வி கொடுங்கள். தவறின் வகை மறைந்ததா, நிற்கிறதா என்று குறியுங்கள். "நான் என்ன செய்தேன்" நெடுவரிசை இதற்காகத்தான். அது இல்லாவிட்டால் மார்க் ஏறியது உங்கள் பாடத்தாலா, வேறெதனாலா என்று பிறகு பார்க்க வழியில்லை.

இப்படிப் பிரிக்க, தேர்வுகளில் வரும் தவறான விடைகளை நீங்களே யோசித்து வைத்திருக்க வேண்டும். ஏதோ நான்கு எண்களைப் போட்டால் தவறுகள் சிதறித்தான் கிடக்கும், ஒன்றும் சொல்லாது. வாரத்துக்கு ஐந்து கேள்வி போதும், ஆனால் ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட தவறிலிருந்து பிறந்ததாக இருக்கட்டும்.

சிறு எண்ணிக்கையில் சதவீதம் ஏமாற்றும். ஐந்து கேள்வித் தேர்வில் 80% எடுத்த பிள்ளை அடுத்த வாரம் 60% எடுத்தால் "20% சரிவு" என்று ஷீட் சிவப்பு காட்டும். நடந்தது ஒரே ஒரு கேள்வி தவறியது. 16 பேர் பேட்ச்சில் ஒரு பிள்ளை மாறினாலே 6% நகர்ந்துவிடும். அதனால் சதவீதத்தைவிட "5-க்கு 3" என்றே எழுதுங்கள். நான்கு தேர்வுகள் ஒரே திசையில் போகும்வரை யாரையும் "இறங்குகிறார்" என்று சொல்லாதீர்கள். நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பத்துக் கேள்வியில், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே சராசரியாக இரண்டரை மார்க் விழும். பத்துக்கு மூன்று எடுத்த பிள்ளைக்கு "கொஞ்சம் தெரிகிறது" என்று நினைப்பது தவறாகிவிடலாம். இரண்டு கணக்கை வாய்விட்டுப் போடச் சொல்லிக் கேட்டால் மூன்று நிமிடத்தில் தெரிந்துவிடும். வீட்டில் அண்ணன் போட்டுக் கொடுத்த முழு மார்க்கும் அதே மூன்று நிமிடத்தில் தெரியும்.

அடுத்து வருகை. தொலைவிலிருந்து கற்பிப்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ஜூமின் கட்டணக் கணக்கில் வகுப்பு முடிந்ததும் பங்கேற்பாளர் அறிக்கை கிடைக்கும். அதில் இப்படி இருக்கும்: "ரெட்மி 9, 6:02–6:19". கீழே "ரெட்மி 9, 6:21–6:34". இன்னும் கீழே "அப்பா போன், 6:36–7:01". மூன்றும் ஒரே பிள்ளைதான். இரண்டு முறை நெட் போய், கடைசியில் அப்பா போனுக்கு மாறியிருக்கிறது. முதல் வரியை மட்டும் பார்த்தால் 17 நிமிடம், மூன்றையும் கூட்டினால் 55 நிமிடம். மாறாக, போனிலும் லேப்டாப்பிலும் ஒரே நேரத்தில் சேர்ந்த பிள்ளைக்கு நிமிடங்கள் இரட்டிப்பாகும். நுழைந்ததும் பெயரைக் குறியீடாக மாற்றச் சொல்லிப் பழக்கிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். மீதிப் பாதிக்கு "இணைப்பு" நெடுவரிசையில் "2 முறை துண்டிப்பு" என்று ஒரு குறிப்பு. இந்த நெடுவரிசையை மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே வையுங்கள். மார்க் குறைந்த நாட்களும் துண்டிப்பு நாட்களும் ஒத்துப்போனால், அந்தப் பிள்ளைக்கு வேண்டியது பாடக் குறிப்பின் படம்தான். கூடுதல் வீட்டுப்பாடம் அதற்கு மருந்தாகாது.

கேமரா நெடுவரிசையை இன்றே நீக்குங்கள். கேமரா போடாததற்குப் பின்னால் ஒரே அறை வீடு இருக்கலாம், அன்றைக்கு மிஞ்சியிருக்கும் டேட்டா இருக்கலாம், பின்னால் படுத்திருக்கும் பாட்டி இருக்கலாம். கவனம் இருக்கிறதா என்று பார்க்க, பத்து நிமிடத்துக்கு ஒரு கேள்வியைச் சாட்டில் உங்களுக்கு மட்டும் பதில் அனுப்பச் சொல்லுங்கள். அதில் பதில் வருவதும் வராததும்தான் நம்பகமான அடையாளம்.

குறிப்பு எழுதும் விதத்திலும் ஒரு வார்த்தை. "சோம்பேறி", "மெல்லக் கற்பவர்", "வீட்டில் கவனிப்பு இல்லை" என்றெல்லாம் ஷீட்டில் எழுதாதீர்கள். "கடைசி மூன்று வீட்டுப்பாடத்தில் ஒன்று வந்தது" என்று எழுதுங்கள். முதலாவது பிள்ளையின் மேல் ஒட்டிக்கொள்ளும், அடுத்த ஆண்டு ஷீட்டைப் பார்ப்பவர் கண்ணிலும் அதுவே முதலில் படும். இரண்டாவது அடுத்த வாரமே மாறக்கூடியது. எழுதிய குறிப்பை அந்தப் பிள்ளையின் அம்மா முன்னால் சத்தமாக வாசிக்க முடியுமா என்று பாருங்கள். புதுச் சட்டம் முழுதாக நடைமுறைக்கு வந்ததும், தங்கள் பிள்ளையைப் பற்றி நீங்கள் வைத்திருக்கும் விவரத்தை அவர்கள் கேட்டுப் பெறவும் உரிமை உண்டு.

இனி சட்டம். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. உங்களைப் போன்றவர்களைத் தொடும் முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதத்தில், அதாவது 2027 மே மாதத்தில், நடைமுறைக்கு வருகின்றன. 18 வயது நிரம்பாத எல்லோரும் இச்சட்டத்தில் குழந்தைகள். அவர்களின் விவரத்தைக் கையாளச் சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது 9-ஆம் பிரிவு. குழந்தைகளைப் பின்தொடர்வதையும், நடத்தையைக் கண்காணிப்பதையும், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதையும் அதே பிரிவு தடுக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு விதிகளில் விலக்கு உண்டு, ஆனால் அது கல்விப் பணிக்கும் பிள்ளைகளின் பாதுகாப்புக்கும் தேவையான அளவுக்குத்தான். விளம்பரத்துக்கு அது நீளாது. வீட்டிலிருந்து தனியாக நடத்தும் நீங்கள் விலக்கை நம்பி உட்கார வேண்டாம். 32 பெற்றோரிடம் ஒப்புதல் வாங்குவது ஒரு வார வேலை, அதை வாங்கிவிடுவதே நல்லது. அபராதம் குழந்தைகள் தொடர்பான கடமைகளில் 200 கோடி ரூபாய் வரை என்று படித்துப் பயந்திருப்பீர்கள். அது உச்ச வரம்பு. தவறின் தன்மை, தீவிரம், அதைத் தணிக்க எடுத்த முயற்சி எல்லாம் பார்த்துத்தான் தொகை தீர்மானமாகும்.

ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் கொடுங்கள். அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலும் அதைப் பெறும் வசதி தரப்பட வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. நீளமாக வேண்டாம். இந்த அளவு போதும்:

"உங்கள் பிள்ளையின் பெயர், வகுப்பு, உங்கள் போன் எண், வாரத் தேர்வு மதிப்பெண், செய்த தவறுகள், வகுப்பில் இருந்த நேரம் ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொள்வேன். அடுத்த வகுப்பைத் திட்டமிடவும் உங்களுக்குத் தெரிவிக்கவும் மட்டும் பயன்படுத்துவேன். வேறு யாருக்கும் தரமாட்டேன். மே 31 அன்று அழித்துவிடுவேன். இடையில் எப்போது வேண்டுமானாலும் பார்க்க, திருத்த, அழிக்கச் சொல்லலாம். 'அழியுங்கள்' என்று ஒரு மெசேஜ் போதும். என் பதில் திருப்தி தராவிட்டால் தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் முறையிடலாம். சம்மதமா?"

பெற்றோரின் எண்ணிலிருந்து, அவர்கள் பெயரோடு பதில் வரட்டும். பதிலளிப்பவர் பிள்ளையா பெற்றோரா என்று அறிய முதல் மாதம் ஒரு போன் பேசிவிடுங்கள், பேசிய தேதியைக் குறித்துவையுங்கள். வகுப்புப் பதிவுக்கும் படங்களுக்கும் தனித்தனியாகச் சம்மதம் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே "சரி"யில் கட்டினால் மறுக்க நினைப்பவருக்கு வழியே இருக்காது.

குரூப்பில் மார்க் லிஸ்ட் போடச் சொல்லும் பெற்றோருக்கு வருகிறேன். போடாதீர்கள். முதலிடத்தில் வரும் பிள்ளையின் அப்பாதான் பெரும்பாலும் அதைக் கேட்பார். 16-ஆவது இடத்தில் இருக்கும் பிள்ளை அடுத்த வகுப்புக்கு நெட் இல்லை என்று சொல்லிவிடும், அந்த நஷ்டம் உங்கள் ஷீட்டில் "வரவில்லை" என்றுதான் பதிவாகும். பொதுத்தேர்வு முடிவில் ரேங்க் பட்டியல் வெளியிடுவதைத் தமிழ்நாடு அரசே 2017-இல் நிறுத்திவிட்டது, இதைச் சொன்னால் பலர் ஒத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு வேண்டியது தகவல் என்றால் அதைத் தனித்தனியாகக் கொடுக்கலாம்: "இந்த வாரம் முழுக்களைக் கழிப்பதில் 5-க்கு 2. அடைப்புக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் மட்டும் தவறுகிறது. செவ்வாய் 6:50-க்குப் பத்து நிமிடம் தனியாகச் சொல்லித் தருகிறேன்." எந்த ரேங்க் பட்டியலும் இதைப் பெற்றோருக்குச் சொல்லாது. பொது அறிவிப்புக்கு வாட்ஸாப்பின் ஒலிபரப்புப் பட்டியல் நல்லது, ஒருவர் எண் இன்னொருவருக்குத் தெரியாது. ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். சேமிக்கச் சொல்லாமல் தொடங்கினால் பாதிப் பேர் "மெசேஜே வரலியே" என்பார்கள்.

கோப்பை எப்படி வைப்பது? இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றில் பெயர், பெற்றோர் எண், குறியீடு. இன்னொன்றில் குறியீடும் நீங்கள் தினம் திறக்கும் மற்ற ஆறு நெடுவரிசைகளும். குறியீட்டை அகர வரிசைப்படி கொடுத்தால் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள், சீட்டுக் குலுக்கிக் கொடுங்கள். பகிர்வு அமைப்பில் "இணைப்பு உள்ள எவரும்" என்று இருந்தால் "கட்டுப்படுத்தப்பட்டது" என்று மாற்றுங்கள். நெடுவரிசையை மறைத்துவைப்பது பாதுகாப்பு ஆகாது. கோப்பை நகலெடுக்க முடிந்தவர் இரண்டு சொடுக்கில் அதை வெளியே எடுத்துவிடுவார். ஆதார் நெடுவரிசையை நீக்கினாலும், கோப்பின் பழைய வடிவங்களைச் சேமித்துவைக்கும் பதிப்பு வரலாற்றில் அது உட்கார்ந்திருக்கும். அதனால் புதுக் கோப்பு தொடங்கி, வேண்டியதை மட்டும் ஒட்டி, பழைய கோப்பை முழுதாக அழியுங்கள். குப்பைத் தொட்டியில் 30 நாள் கிடக்கும், அங்கிருந்தும் நீக்குங்கள். சேர்க்கை ஃபார்மிலும் பதில்கள் தங்கியிருக்கும், அதை மறந்துவிடுகிறவர்கள் அதிகம். ஃபார்ம் அமைப்பில் முடிவுகளின் சுருக்கத்தைக் காட்டும் தேர்வு திறந்திருந்தால், நிரப்பிய ஒவ்வொரு பெற்றோரும் மற்றவர் எழுதியதைப் பார்க்க முடியும். அதை மூடுங்கள்.

வகுப்பைப் பதிவு செய்கிறீர்கள் என்றால், திரையைப் பகிரும்போது முகச் சிறுபடங்களைச் சேர்க்கும் தேர்வை எடுத்துவிடுங்கள். பதிவோடு சாட் கோப்பும் சேமிக்கப்படலாம். உங்கள் கணினியில் சேமிக்கும் பதிவு என்றால் பிள்ளைகள் உங்களுக்கு மட்டும் அனுப்பியதும் அதில் இருக்கலாம், எனவே வீடியோவைப் பகிரும்போது சாட் கோப்பைச் சேர்த்து அனுப்பிவிடாதீர்கள். இன்னும் எளிய வழி, பிள்ளைகள் இல்லாமல் அந்தப் பாடத்தைப் பன்னிரண்டு நிமிடத்தில் தனியாகப் பதிவு செய்வது. வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைக்கும் அதுதான் ஒரு மணி நேரப் பதிவைவிட உதவும். வகுப்புப் பதிவை 30 நாளில் அழியுங்கள். ஆண்டு முடிவில் பெயர்க் கோப்பு போகட்டும், மற்றக் கோப்பில் குறியீட்டையும் நீக்கிவிட்டு எந்தக் கேள்வியில் எந்தத் தவறு எத்தனை பேருக்கு வந்தது என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுக் கேள்வித்தாளுக்கு அது பொக்கிஷம். கட்டண ரசீதுகளை வருமான வரிக் கணக்குக்காக வேறு கோப்பில் தனியே வையுங்கள்.

ஏஐ செயலியில் மார்க்கை ஒட்டி "யார் பலவீனம் சொல்" என்று கேட்கும் பழக்கம் பரவுகிறது. பெயர், பள்ளி, போன் எண் எதுவும் போகக் கூடாது. குறியீடும் விடைகளும் மட்டும் போகட்டும். அது சொல்லும் முடிவை மேலே சொன்ன −10 கணக்குப்போல நீங்களே ஒருமுறை எண்ணிப் பாருங்கள், எண்ணிக்கையில் அவை தவறுவதுண்டு.

செயலிக்காரருக்குப் பட்டியலைத் தராதீர்கள். ஓராண்டு இலவசத்துக்கு விலை அந்த 32 போன் எண்கள். சட்டப்படி உங்களுக்காக ஒருவர் விவரத்தைக் கையாண்டாலும் பொறுப்பு உங்களுடையது, அதற்கு முறையான ஒப்பந்தமும் வேண்டும். செயலி உண்மையிலேயே பிடித்திருந்தால் குறியீடுகளை மட்டும் ஏற்ற முடியுமா, வெளியேறும்போது எல்லாவற்றையும் அழித்து எழுத்தில் உறுதி தருவார்களா என்று கேளுங்கள். இரண்டில் ஒன்றுக்கு மழுப்பினாலும் விட்டுவிடுங்கள். உங்கள் மாணவரின் மார்க்கையும் படத்தையும் விளம்பரத்தில் போடுவதற்கும் இதே கவனம் வேண்டும். சேர்க்கையின்போது வாங்கிய சம்மதம் அதற்குச் செல்லாது.

எப்போதாவது கோப்பு தவறான குரூப்புக்குப் போய்விட்டால், உடனே "எல்லோருக்கும் நீக்கு" கொடுங்கள். யாருடைய எந்த விவரம், எத்தனை மணிக்கு, எத்தனை பேர் பார்த்திருக்கக்கூடும் என்று எழுதிவைத்து, அன்றே அந்தப் பெற்றோரிடம் சொல்லுங்கள். விதிகள் நடைமுறைக்கு வந்தபின் வாரியத்துக்கும் தாமதமின்றித் தெரிவித்து, முழு விவரத்தை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். அன்று எழுதிவைத்த குறிப்புதான் அப்போது கைகொடுக்கும்.

இந்தச் சனிக்கிழமை மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் பகிர்வு அமைப்பு, ஐந்து நிமிடம். பிறகு புது இரண்டு கோப்புகள். பிறகு பெற்றோருக்கு அறிவிப்பு. எல்லோரிடமும் பதில் வந்ததும் பழைய ஷீட்டை அழிக்கலாம் என்று காத்திருக்காதீர்கள். ஆதார் எண்கள் இருக்கும் அந்தக் கோப்பும் ஃபார்மும் அன்று இரவே போகட்டும்.